மழைக்கு நன்றி சொன்னால் வெள்ளத்தை யார் கணக்கில் எழுதுவது?

நண்பர் ஒருவரின் கேள்வி: 14 ஜனவரி 2024, காலை

டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. என் வீட்டில் அது மூன்றாம் படியோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் மண்சுவர் இரவோடு இரவாகக் கரைந்து விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறன்று நான் கோயிலில் 1,000 ரூபாய் ஸ்தோத்திர காணிக்கை, அதாவது நன்றிக் காணிக்கை, வைத்தேன். "வெள்ளத்தில் வீட்டைக் காத்தபடியினால்" என்று பெயர் சொல்லி வாசித்தார்கள். எனக்கு இரண்டு வரிசை பின்னால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

என் முடிவு இதுதான். எனக்குக் கிடைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது, கிடைக்காதவரை அவர் கைவிட்டார் என்று ஊரறிய அறிவிப்பதற்குச் சமம். ஆகவே நான் நன்றி சொல்வதை நிறுத்திவிட்டேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

என் விடை: 14 ஜனவரி 2024, இரவு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் காணிக்கை எண்ண உட்காரும் மூவரில் நானும் ஒருவன். பத்தொன்பது ஆண்டுகளாக எண்ணுவதால், எங்கள் ஊர் மக்கள் எதற்கெல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள் என்பது குருவானவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று துணிந்து சொல்வேன். ஸ்தோத்திர காணிக்கைக் கவரின் மேல் காரணம் எழுத ஒரு கோடு விட்டிருப்பார்கள். அந்தக் கோட்டில் "போர் போட்டதில் தண்ணீர் கண்டபடியினால்", "மகளுக்கு வரன் அமைந்தபடியினால்", "கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தபடியினால்", "துபாய் விசா வந்தபடியினால்" என்றெல்லாம் படித்திருக்கிறேன். ஒரு முறை இருபது ரூபாயுடன் "காணாமற்போன ஆடு தானாகத் திரும்பி வந்தபடியினால்" என்று ஒரு கவர் வந்தது. மேய்ப்பன் ஆட்டைத் தேடிப் போனதாகத்தான் வேதத்தில் படித்திருக்கிறோம், இங்கே ஆடே மேய்ப்பனைத் தேடி வந்திருக்கிறது என்று மூவரும் சிரித்தோம்.

கேள்விக்கு என் விடை சுருக்கமானது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறார். எல்லாவற்றிற்காகவும் என்று அவர் எழுதவில்லை. வெள்ளத்திற்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை, வெள்ளத்தின் நடுவிலும் நன்றி சொல்லலாம். ஒரு வேற்றுமை உருபைக் கவனித்தால் நண்பரின் சிக்கல் தீர்ந்துவிடும்.

16 ஜனவரி 2024

தீரவில்லை. எபேசியர் 5:20-இல் அதே பவுல் "எப்பொழுதும் எல்லாவற்றிற்காகவும்" ஸ்தோத்திரிக்கச் சொல்லியிருக்கிறார் என்று இரண்டு பேர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒருவர் பொங்கல் வாழ்த்தோடு சேர்த்துச் சொன்னதால் அடி சற்று இனிப்பாக விழுந்தது. அந்த வசனம் எனக்குத் தெரியாதது அன்று. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்தது. எனக்கு வசதியான வசனம் நினைவில் நின்றது, வசதியற்றது மறந்துபோயிற்று. வேற்றுமை உருபை நம்பி எழுதிய விடையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

21 ஜனவரி 2024

அதே டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டிய நாள் அது. எங்கள் பக்கத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். ரயிலில் சுமார் 800 பேர் இருந்தார்கள். நிலைய அதிகாரி தடுத்து நிறுத்தியிராவிட்டால் அந்த ரயில் எங்கே போய் முடிந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. மீட்புப் படையினர் வந்து எல்லோரையும் வெளியேற்ற 19-ஆம் தேதி ஆகிவிட்டது. அதுவரை பக்கத்துப் புதுக்குடி ஊரார், தங்கள் ஊரே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தபோதிலும், சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த ரயிலில் என் அத்தை மகனும் இருந்தான். ஊர் திரும்பியதும் 2,000 ரூபாய் வைத்து "பிரயாணத்தில் காத்தபடியினால்" என்று எழுதிக்கொடுத்தான். கவரை வாங்கிக்கொண்டு, ரயிலை நிறுத்தியது நிலைய அதிகாரி அல்லவா என்று கேட்டேன். "அவரை நிறுத்தச் சொன்னது யார், அத்தான்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை; இன்றும் இல்லை. ஆனால் சோறு கொடுத்த புதுக்குடிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டதற்கு அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். அந்த அவசரத்தில் தோன்றவில்லை என்றான்.

22 ஜனவரி 2024

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. வெள்ளத்தைப் பற்றிய கேள்விக்குக் குறள் 15-ஐ யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை.

கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற்று ஆங்கே
எடுப்பதூஉம் எல்லாம் மழை.

வள்ளுவர் மழையை நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பிரிக்காமல், இரண்டையும் அதன் பெயரிலேயே எழுதிவிட்டார். நான் முப்பது ஆண்டுகள் வங்கியில் பேரேடு எழுதியவன் என்பதால் என் கண்ணில் முதலில் படுவது இதுதான்: எங்கள் காணிக்கைக் கவரில் வரவுக்குக் கோடு உண்டு, பற்றுக்குக் கோடு கிடையாது. "சுவர் விழுந்தபடியினால்" என்று யாரும் கவர் வைத்ததில்லை, வைத்தால் வாசிக்கவும் மாட்டோம். சங்கீதப் புத்தகத்திலோ அதற்கு இடம் இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் முறையீட்டில் தொடங்கி, ஆறு வசனம் முடிவதற்குள் பாட்டில் போய் நிற்கிறது. முறையிட்ட வாயும் பாடிய வாயும் ஒன்றே. கேள்வி கேட்ட நண்பர் நன்றியை நிறுத்தியதற்குப் பதிலாக முறையீட்டைத் தொடங்கியிருக்கலாம்.

28 ஜனவரி 2024

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். நாங்கள் ஆளுக்கு ஒரு வசனம் எடுத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். ஸ்தோத்திர காணிக்கை வாசித்தது உங்களுக்கு வருத்தமாக இருந்ததா என்று நேராகவே கேட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்:

"கவர் வச்சதுல எனக்கு என்ன வருத்தம்? உங்க வீடு தப்பிச்சது எனக்கும் சந்தோசம்தான். மாடி அறை காலியாத்தானே கிடந்துச்சு. பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

இரண்டு நாட்கள் அவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். நண்பர் இதை எழுதிவிட்டு வேறு எதுவும் எழுதவில்லை. நானும் இந்த வாரம் எழுதுவதாக இல்லை.

4 பிப்ரவரி 2024

சொற்களைப் பற்றி ஒரு தகராறு ஓடிக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். "ஸ்தோத்திரம் வடசொல், நன்றி என்று தமிழில் சொன்னால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்லலாம், தடை இல்லை. ஆனால் குறளில் வரும் "நன்றி" நாம் இன்று மேடையில் சொல்லும் நன்றி அன்று. "நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்" என்னும்போது அது நன்மை. "நன்றி மறப்பது நன்றன்று" என்பதற்கும், ஒருவர் செய்த நன்மையை மறக்கலாகாது என்பதே பொருள். அதாவது, முன்னே நன்றி என்பது பெற்ற பொருளின் பெயராக இருந்தது. இப்போது பெற்றவன் திருப்பிச் சொல்லும் வார்த்தையின் பெயராகிவிட்டது. செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தின் பத்துக் குறளிலும் கடவுள் வரவில்லை என்பதையும் கவனித்தேன். அங்கே எல்லாம் மனிதன் மனிதனுக்குச் செய்த உதவிதான்.

என் தாயார் வாழ்நாளில் ஒரு முறையும் யாரிடமும் "நன்றி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடன் கொடுத்தவருக்கு "நல்லா இருப்பிய" என்பார். வெயிலில் தண்ணீர் கொடுத்தவளுக்கு "ஆண்டவர் உன் கையை ஆசீர்வதிக்கட்டும்" என்பார். ஆபத்தில் உதவியவரிடம் "தெய்வம் மாதிரி வந்திய" என்பார். மூன்றிலும் கடவுளுக்கும் அந்த மனிதருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். எனக்குத்தான் அது இரண்டு வேலையாகப் பிரிந்துபோனது.

11 பிப்ரவரி 2024

காயல்பட்டினத்து அன்பர் ஒருவர் நபிமொழி ஒன்றை எழுதியிருந்தார்: மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார். எந்த நிலையிலும் அல்ஹம்துலில்லாஹ் (எல்லாப் புகழும் இறைவனுக்கே) என்று சொல்லுவது எங்கள் வழக்கம், ஆனால் அது வாயோடு நின்றுவிடாமல் இருக்க இந்த நபிமொழி காவல் நிற்கிறது என்றும் சேர்த்திருந்தார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை எழுதிவிடுகிறேன்.

1994-இல் என் மனைவிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிறந்துவிட்டது, இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடையது ஓ நெகட்டிவ். மருத்துவமனையில் ஒரு பாட்டில்தான் இருந்தது. இன்னும் ஒன்றுக்கு ஆள் பிடித்து வாருங்கள் என்று தாள் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கைப்பேசி இல்லாத காலம். தெரிந்த வீடுகளில் எல்லாம் கேட்டுவிட்டு, என்ன செய்வதென்று புரியாமல் பேருந்து நிலையத்தில் போய் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பைத்தியக்காரனைப் போலக் கேட்டேன். நேரக் காப்பாளர் அறையிலிருந்து வெளியே வந்த ஒரு கண்டக்டர், "என்ன குரூப்புன்னு சொன்னிய?" என்று கேட்டார். மறு கேள்வி கேட்கவில்லை. தம் டிரிப்பை வேறொருவரிடம் மாற்றிவிட்டு என் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டார்.

அவர் காக்கிச் சட்டையோடு கட்டிலில் படுத்திருந்தது கண்ணுக்குள் நிற்கிறது. தோல் பையைக் கழற்றிக் கொடுக்க மனமில்லாமல் வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டார், அரசாங்கப் பணம் என்று. கழுத்தில் விசில் தொங்கியது. இரத்தம் இறங்கும் குழாயைப் பார்க்கப் பிடிக்காமல் அந்த விசிலைப் பல்லுக்கு இடையில் கடித்துக்கொண்டு மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டு, அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நான் மனைவி இருந்த அறைக்கு ஓடினேன். அவருக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுக்கவில்லை. பெயரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கோயிலில் 501 ரூபாய் ஸ்தோத்திர காணிக்கை வைத்தோம். அந்தக் காலத்தில் அது என் சம்பளத்தில் நல்ல ஒரு பங்கு. "மனைவியையும் மகளையும் காத்தபடியினால்" என்று வாசித்தார்கள். அதே பேருந்து நிலையத்தின் வழியாகத்தான் நான் தினமும் வங்கிக்குப் போனேன். நாளைக்கு விசாரிக்கலாம் என்று ஏழு ஆண்டுகள் போயின. 2001-இல் ஒரு நாள் மருத்துவமனையில் போய், 1994-இன் இரத்ததானப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பழைய பேரேடுகளைக் கழித்துவிட்டதாகச் சொன்னார்கள். பேருந்து நிலையத்தில், யார் என்று பெயர் தெரியாமல் எப்படிச் சொல்வது என்றார்கள். நியாயமான கேள்வி.

இயேசுவால் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமாகி, ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த கதையை ஒவ்வோர் ஆண்டும் பிரசங்கத்தில் கேட்கிறேன். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்ற கேள்வி வரும்போதெல்லாம், திரும்பி வந்த அந்த ஒருவன் நான்தான் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காணிக்கை வைத்தவன் அல்லவா? திரும்பி வந்த அந்தச் சமாரியனுக்கு ஒரு வசதி இருந்தது. கடவுளுக்குச் சொல்ல வேண்டியதையும் தன்னைக் குணமாக்கியவருக்குச் சொல்ல வேண்டியதையும் ஒரே காலடியில் விழுந்து சொல்லிவிட்டான். எனக்கு இரண்டு விலாசம் இருந்தது. ஒன்றில் மட்டும் செலுத்திவிட்டுக் கணக்கை முடித்துவிட்டேன்.

12 பிப்ரவரி 2024

"அந்தக் கண்டக்டரே கடவுளாக இருக்கலாம்" என்று எழுதியவருக்கு: இல்லை. கடவுளாக இருந்தால் அவருக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும் என்ற உறுத்தல் எனக்குப் பெருகும்; மனிதராக இருந்தாலும் குறையவில்லை. அவர் ஏதோ ஓர் ஊரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கட்டும்.

3 மார்ச் 2024

"துன்பத்தில் இருப்பவர் நன்றி சொல்வது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது" என்று ஒருவர் அழுத்தமாக எழுதியிருந்தார். ஆபகூக் புத்தகத்தில் அத்திமரம் துளிர்க்காமற்போனாலும், வயல் விளையாமற்போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் மகிழ்ந்திருப்பேன் என்று தீர்க்கதரிசி சொல்வதை நானும் ஒரு காலத்தில் வெறும் பேச்சு என்றே நினைத்தேன். வயலும் மாடும் இல்லாதவன் எப்படி உண்பான் என்பதே என் கணக்கர் மூளைக்கு வந்த கேள்வி.

எங்கள் சபையில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் திருமண நாள் ஸ்தோத்திர காணிக்கை என்று 300 ரூபாய் வைப்பார்கள். ஓர் ஆண்டு பிப்ரவரியில் கணவர் காலமானார். மே மாதம் வந்தது, அதே நாளில் அதே கவர், அதே 300. ஆராதனைக்கு முன்னால் அறிவிப்புகளை எழுதிக்கொண்டிருந்த சபைச் செயலர் தடுமாறிப்போய், "டீச்சர், இதை எப்படி வாசிக்கட்டும்? நினைவுக் காணிக்கை என்று போடட்டுமா?" என்று கேட்டார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எப்பவும் போல வாசிங்க. கல்யாணம் நடந்தது நடந்ததுதானே" என்றார்கள்.

நான் அப்போது பக்கத்தில் காணிக்கைப் பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் இருவரையும்விட அன்று தெளிவாக இருந்தவர்கள் அவர்கள்தாம்.

10 மார்ச் 2024

என் தாயாரைப் பற்றி எழுதியபோது விட்டுப்போனது. அடுப்புக்கு மேலே மாடக்குழியில் ஒரு சிறு மண்பானை இருக்கும். காலையில் உலைக்கு அரிசி அளந்ததும், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். பானை நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். அளப்பதற்கு முன்னால் எடுத்தால் ஆகாதா என்று ஒரு நாள் கேட்டேன். "மூட்டையிலிருந்து எடுத்தா அது மூட்டைக்குக் குறைச்சல், உலையிலிருந்து எடுத்தாத்தான் நமக்குக் குறைச்சல்" என்றார். பஞ்ச காலத்தில் பிடி சிறியதாகியிருக்கும், ஆனால் ஒரு நாளும் நின்றதில்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத இந்த வழக்கம் எங்கள் நெல்லைச் சபைகளின் சொத்து.

17 மார்ச் 2024

"உலகத்தில் வேறெங்கும் இல்லாத" என்பதை அடித்துவிடவும். மிசோரமில் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் இதே போல ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுத்து வருகிறார்கள் என்று, அங்கே பணியாற்றிவிட்டு வந்த ஒருவர் எழுதியிருக்கிறார். காஞ்சிப் பெரியவரின் பிடி அரிசித் திட்டத்தை மற்றொருவர் நினைவூட்டியிருக்கிறார். அவர் வீட்டில் பாட்டி பாத்திரத்தில் அரிசி போட்டுவைத்து வாரம் ஒரு முறை கோயிலுக்கு அனுப்பினாராம். அவருடைய பாட்டியும் உலையிலிருந்துதான் எடுத்தாரா, மூட்டையிலிருந்தா என்று கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

19 மார்ச் 2024

பதில் வந்துவிட்டது. மூட்டையிலிருந்துதானாம். நான் எதுவும் சொல்லவில்லை.

7 ஏப்ரல் 2024

சைவ நண்பர் ஒருவர், உங்கள் கணக்கர் மூளைக்கு ஏற்ற பாட்டு எங்களிடம் இருக்கிறது என்று திருவாசகத்தை எடுத்துக்கொடுத்தார். "தந்தது உன்தன்னைக் கொண்டது என்தன்னைச் சங்கரா யார்கொலோ சதுரர்" என்று மாணிக்கவாசகர் கேட்கிறார். நீ உன்னைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாய், இந்த வியாபாரத்தில் கெட்டிக்காரன் யார்? எனக்கு முடிவில்லாத ஆனந்தம் கிடைத்தது. என்னிடமிருந்து உனக்குக் கிடைத்தது என்ன? கடன் கொடுத்தவரிடமே போய், என்னால் உனக்கு நட்டமாயிற்றே என்று ஒருவர் கைகொட்டிச் சிரிப்பதைப் போல இருக்கிறது. நான் எண்ணிய ஆயிரக்கணக்கான கவர்களில் ஒன்றிலும் இந்தத் தொனி இல்லை. நாங்கள் வாங்கியதற்கு ரசீது கொடுக்கிறவர்களைப் போலத்தான் நன்றி சொல்கிறோம்.

குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவழித்தவர் அவர் என்பது புராணம். எங்கள் தணிக்கையாளர் அவரை விட்டிருக்க மாட்டார்.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஈடுசெய்ய முடியாது என்பதைப் பாடுகிறவர் ஒளிக்கவில்லை. குறள் 211-இல் உலகம் மழைக்கு என்ன கைம்மாறு செய்யும் என்று கேட்பதும் இதேதான். முன்பு 15-ஐ எழுதியபோது இதை விட்டுவிட்டேன்.

14 ஏப்ரல் 2024

எங்கள் ஜெபப் புத்தகத்தில் உள்ள பொது ஸ்தோத்திரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. அது பழமையானது என்று நினைத்திருந்தேன். 1662-இல்தான் ஆங்கில ஜெபப் புத்தகத்தில் சேர்ந்திருக்கிறது. எழுதியவர் நாரிச் நகரத்துப் பேராயர் எட்வர்ட் ரேனால்ட்ஸ். ஜெபப் புத்தகத்தைத் திருத்துவது பற்றி அதற்கு முந்தைய ஆண்டு நடந்த சவாய் மாநாட்டில், கேட்பதற்கு இத்தனை ஜெபங்கள் இருக்கும்போது நன்றி சொல்வதற்குப் போதிய ஜெபம் இல்லை என்று சீர்திருத்தக்காரர்கள் குறைப்பட்டிருந்தார்கள். படைத்ததற்கும் காத்ததற்கும் இவ்வாழ்க்கையின் எல்லா நன்மைகளுக்கும் நன்றி சொல்லிவிட்டு, இந்தத் துதி உதட்டோடு நிற்காமல் நடத்தையிலும் தெரிய வேண்டும் என்று அது வேண்டுகிறது. எழுபது வயதை நோக்கிப் போகிற நான், ஆறு வயது முதல் இதை உதட்டால் சொல்லி வருகிறேன்.

8 ஜூன் 2024

இன்று இரத்த வங்கிக்குப் போனேன். முப்பது ஆண்டு வட்டியைச் செலுத்த முடியாவிட்டாலும் அசலில் ஒரு பாட்டிலாவது கொடுத்துவிடலாம் என்று எண்ணம். படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். உட்கார்ந்திருந்த பெண் பிறந்த ஆண்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "65-க்கு மேல எடுக்க மாட்டோம், தாத்தா" என்றாள். எனக்கு 66. போன ஆண்டு வந்திருந்தாலும் முதல் தடவை கொடுப்பவர் என்று யோசித்திருப்பார்களாம். வந்ததற்காக ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள். வேண்டாம் என்றேன், கையில் திணித்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் அதே பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, நேரக் காப்பாளர் அறை இருந்த இடத்தில் இப்போது இருக்கும் டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். இன்னொன்றுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். அடுத்து வருகிற கண்டக்டருக்குக் கொடுங்கள் என்றேன். ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

22 ஜூன் 2024

மகள் இதையெல்லாம் படித்துவிட்டாள். இந்தக் கதை அவளுக்கு இவ்வளவு விவரமாகத் தெரியாது. நாங்கள் "ஆண்டவர் காத்தார்" என்றே சொல்லி வளர்த்துவிட்டோம். அப்பா கொடுக்க முடியாவிட்டால் நான் கொடுக்கிறேன் என்று இன்று போனாள். விரலில் குத்திப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், அவளுக்கு 10.8. சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, கூடியபின் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்திற்கு இந்தக் கடனை அடைக்கும் யோகம் இல்லை போலும் என்றாள் அவள் தாய்.

10 நவம்பர் 2024

இன்று எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. இந்தக் கேள்வி-பதில் இழை ஓய்ந்து மாதங்கள் ஆகின்றன என்றாலும் எழுதி வைக்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் பீடத்தின் முன் படைத்திருந்த விளைபொருட்களை வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து ஏலம் விட்டார்கள். வாழைத்தார், பூசணி, நாட்டுக்கோழி, முட்டை, கருப்பட்டி, தேங்காய் என்று வழக்கமான வரிசை. தேங்காய் ஒன்று 700 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்துவிட, மறுபடியும் ஏலம் போட்டு 450-க்குப் போனது. முன்பெல்லாம் நானும் இப்படி எடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. சென்ற டிசம்பரில் எல்லாம் அடித்துக்கொண்டு போன வயல்களிலிருந்தும் இந்த ஆண்டு நெல் வந்திருந்தது. ஒரு மரக்கால் அளவுதான். கொண்டுவந்தவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். டீச்சர் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தார்கள்.

கடைசியில் ஒரு முருங்கைக்கீரைக் கட்டு வந்தது. கொஞ்சம் வாடியிருந்தது. 20 ரூபாயில் தொடங்கினார்கள். நான் 50 என்றேன். பின்னால் யாரோ விளையாட்டாக 60 என்றார். 100 என்றேன். அப்படியே ஏறி 300-க்கு வந்தபோது, ஏலம் கூறியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, கீரைக்கா?" என்றார். 310 என்றேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லிக் கையில் கொடுத்துவிட்டார். திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று எண்ணிச் சற்று நேரம் கையை நீட்டியபடியே நின்றார். நான் அதை மடியில் கட்டிக்கொண்டேன்.

மகள் இப்போது அடுப்படியில் உட்கார்ந்து அதை உருவிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பார்த்தபோது 11.9.